புதுவருஷத்தன்று நீங்கள் கொடுத்துவிட்டுப் போன மூன்று சீட்டுகள்

நேற்று பிற்பகல் மூன்றரை மணிக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உங்கள் தங்கை செசில், கம்பெனியில் உங்கள் வலப்பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் அந்துவான், இடப்பக்கத்து மேசைக் கண்ணப்பன், கம்பெனி முதலாளி முசேயின் பங்களா வாசலில் நிற்கும் டவாலி மாசிலாமணி. ஆக ஐந்து பேர். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் அடுப்படியிலிருந்து நான் கொண்டுவந்த தட்டில் ஆறு டம்ளர் காபி இருந்தது. நானே ஊற்றியதுதான். ஏன் ஊற்றினேன் என்று தெரியவில்லை. செசிலும் எண்ணிப் பார்த்தாள்.

மேசைமேல் மூன்று பெயர்ச்சீட்டுகள் கிடந்தன. மூன்றும் உங்களுடையவை. கூடத்துக்குள் வரும்போதே எனக்கு வசம்பு வாசனை அடித்துவிட்டது. பூச்சி அரிக்காமல் இருக்க உங்கள் சீட்டுப் பெட்டிக்குள் நான் போட்டு வைக்கும் வசம்பு. பெட்டி உள்ளறையில் பூட்டிக் கிடக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது, வாசனை மட்டும் கூடத்துக்கு வந்திருந்தது.

உங்களை அடக்கம் பண்ணி நேற்றோடு நாற்பது நாள்.

உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். வரிசையாக எழுதினால்தான் எனக்குப் பிடிபடும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமல், ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாக எழுத்துக் கூட்டியவள் நான். பிரெஞ்சு எழுத்து படித்ததும் இந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான். ஒவ்வொரு புதுவருஷமும் நீங்கள் சுற்றிவிட்டு வந்தபின், மற்றவர்கள் நம் வீட்டில் கொடுத்துப் போன சீட்டுகளை மடியில் கொட்டி ஒவ்வொரு பெயராகச் சொல்லுவீர்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி முதல் தேதி உத்தியோகத்தில் இருக்கிற ஆண்களெல்லாம் கோட்டும் தொப்பியுமாகப் புறப்பட்டுவிடுவீர்கள். மேலே இருப்பவர்கள், சரிசமமானவர்கள், கீழே இருப்பவர்கள், மூன்று தரத்தார் வீட்டுக்கும் போக வேண்டும். வீட்டுக்காரர் இருந்தால் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து வாழ்த்துச் சொல்வது. இல்லாவிட்டால் பெயர்ச்சீட்டின் மூலையை மடித்து, வாசலில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவது. மடிக்காத சீட்டு வேறு ஆளிடம் கொடுத்தனுப்பியது. மடித்த சீட்டு, நானே வந்தேன் என்பதற்கு அத்தாட்சி.

உங்கள் மடிப்பு எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரியும். பழைய துறைமுகப் பாலத்தில் கப்பல் பெட்டி விழுந்து உங்கள் இடது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்த நாளிலிருந்து, நீங்கள் மடிக்கிற மூலையில் ஒன்றுக்கு இரண்டு கோடு விழும். மேசைமேல் கிடந்த மூன்று சீட்டிலும் இரண்டு கோடு இருந்தது. கீழே பென்சிலால் மூன்று பிரெஞ்சு எழுத்து. பே, பே, சே. விடைபெற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தம். சைகோனுக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் போட்டுக் கொடுப்பது. நீங்கள் ஒருநாளும் அதைப் போட்டதில்லை. நீங்கள்தான் எங்குமே போகாத மனுஷராயிற்றே.

மாசிலாமணியை உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கதவைப் பிடித்தபடியே சொன்னார்.

"நேத்து காலையில கோயில்ல பூசைக்கு ரெண்டாம் மணி அடிச்சிக்கினு இருந்திச்சிம்மா. முசேவும் மதாமும் கவர்னர் மாளிகைக்குப் போயிட்டாங்க. ஐயா குடை புடிச்சிக்கினு வந்தாரு. முசே இருக்காரான்னாரு. இல்லீங்களேன்னேன். சரின்னு சீட்டை எடுத்தாரு, மடிச்சாரு, குடுத்தாரு, திரும்பிட்டாரு. வருஷா வருஷம் நடக்கறதுதானே."

"மழை இல்லியே நேத்து. குடை எதுக்கு?" என்றாள் செசில்.

"அது எனக்குத் தெரியாதும்மா. மொகத்துல பாதி குடைக்குள்ள இருந்திச்சி."

"நீ ஒண்ணும் கேக்கலியா?"

"சலாம் போட்டேன்."

"செத்துப்போனவருக்கா சலாம் போட்ட?"

மாசிலாமணி கதவை விட்டுக் கையை எடுத்தார். "அது அப்ப ஞாபகம் வரலம்மா. ஐயா தெருமுனை திரும்பினாரு பாருங்க, அப்பத்தான் வந்திச்சி. இவரைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தனாச்சேன்னு."

கண்ணப்பன் தன் சீட்டைத் தொடாமலே பேசினான். அவன் வீடு ஊருக்கு வெளியே சாரம் கிராமத்தில். முசே பங்களாவிலிருந்து வேகமாக நடந்தாலும் முக்கால் மணி நேரம் ஆகும். அவனுடைய அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். கிழக்கிலிருந்து காற்று அடித்தால் அங்கேயும் கோயில் மணி கேட்கும். அதே ரெண்டாம் மணி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "கண்ணப்பன் இருக்கானா?" என்று உங்கள் குரல். "குளிக்கிறான் ஐயா, உக்காருங்க" என்றாராம் அம்மா. "வேணாம். வந்துட்டுப் போனேன்னு சொல்லும்மா" என்று சீட்டைக் கையில் வைத்தீர்களாம். அந்த அம்மாவுக்கு நீங்கள் காலமானது தெரியும். ஆனால் குரல் கேட்டதும் அவருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. கண்ணப்பன் துவட்டிக்கொண்டு வந்தபோது, "ஒங்க ஆபீசு ஐயாவுக்கு ஒடம்பு தேவலையாப்பா, குரலு நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்று கேட்டிருக்கிறார்.

அந்துவான் வீட்டில் எல்லாரும் பூசைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால் சீட்டு உள்பக்கம் தரையில் கிடந்ததாம்.

"எங்கிட்ட மட்டும் பேசல பாரு" என்றான் அந்துவான், கண்ணப்பனைப் பார்த்து. "பெரியவரு எப்பவும் ஒங்கிட்டதான் பேசுவாரு."

"நான் குளிச்சிக்கினு இருந்தேன் அந்துவான். எங்கிட்டயும் பேசல."

"எங்கண்ணன் உசுரோட இருந்தப்பவும் இதே கதைதான்" என்றாள் செசில். "ஊர்ல இருக்கற எல்லா வாசப்படியும் மிதிப்பாரு, தன் வீட்டு வாசப்படியத் தவிர."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் திறந்தேன். நவம்பரில் உங்களுக்குக் காய்ச்சல் கண்ட அன்று பூட்டும்போது முப்பத்தொரு சீட்டு இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். மாசிலாமணி எண்ணினார். பிறகு கண்ணப்பன் எண்ணினான். இருபத்தெட்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று சீட்டு எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் முதலில் இந்த வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். ரெண்டாம் மணிக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் கோயிலில் முழங்காலில் இருந்தேன், உங்கள் ஆத்துமத்துக்காக. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டியவர்களைப் பார்க்கப் போய்விட்டீர்கள். தன் சொந்த வீட்டில் யாரும் பெயர்ச்சீட்டு கொடுப்பதில்லை, அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு அறையிலும் தரையைப் பார்த்தேன்.

மாசிலாமணி வந்தது சீட்டைக் காட்ட மட்டும் இல்லை. முசேயிடமிருந்து சேதி.

நீங்கள் இந்தப் புதுவருஷத்தோடு ஓய்வெடுப்பதாக இருந்தது. உலகமெல்லாம் வியாபாரம் படுத்துக் கிடக்கிறது, வேர்க்கடலை மூட்டைகள் கிடங்கிலேயே முளைக்கின்றன, கப்பல் மாசத்துக்கு ஒன்று வந்தால் அதிசயம். அதனால் முசே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: உங்கள் பெரிய குமாஸ்தா நாற்காலி ஒருவனுக்கு, பக்கத்து மேசைகள் இரண்டையும் எடுத்துவிடுவது. அந்துவான், கண்ணப்பன் இரண்டு பேரில் ஒருவன் உங்கள் இடத்தில் உட்காருவான், மற்றவன் வீட்டுக்குப் போவான். யார் என்பதை நீங்களே சொல்லும்படி நவம்பரில் கேட்டிருக்கிறார். "புதுவருஷத்தன்னிக்கு நேர்ல வந்து பேரைச் சொல்றேன்" என்றீர்களாம். மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பெயரை என்னிடமும் சொல்லவில்லை.

"முசே சொல்லச் சொன்னாரும்மா" என்றார் மாசிலாமணி. "அவரு சொன்ன நாளுக்கு வந்துட்டாரு. நான்தான் வீட்ல இல்ல. அதனால அவரு மனசுல இருந்த பேரை அவரு சம்சாரம் வந்து சொல்லட்டும். ஆறாந்தேதி மூணு ராஜா திருநாளன்னிக்குக் காலையில பத்து மணிக்கு. பேரு தெரியலன்னா காரைக்கால்ல இருந்து வேற ஆளைக் கொண்டாந்துடுவேன், ரெண்டு பேருமே வாணாம். இதான் அவரு சொன்னது."

"சிரிச்சிக்கினே சொன்னாரா?" என்று கேட்டேன். முசே எதையும் நம்பாத மனுஷர், கோயிலுக்கே ஈஸ்டருக்கு ஈஸ்டர்தான் வருவார்.

"சிரிக்கலிங்க. சீட்டை மத்த சீட்டுங்களோட தட்டுல வைக்கக்கூடாதுன்னாரு. தனியா சன்னலுக்கு வெளியில வைக்கச் சொன்னாரு. அப்பறம்தான் எங்கிட்ட குடுத்து அனுப்புனாரு."

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர், ஒரு வார்த்தை மாசிலாமணியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நீங்கள் செய்யமாட்டீர்கள். எஜமானுக்குச் சொல்ல வேண்டியதை வாசல்காரனிடம் சொல்வது மரியாதை இல்லை. வீட்டுக்காரர் இல்லையா, சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பு. முப்பது வருஷம் நீங்கள் பிசகாத முறை அது. அந்த முறைக்குள் ஒரு பெயர் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

துறைமுகப் பாலத்தில் மூட்டை எண்ணிக் கோடு போடுகிறவராக நுழைந்து முப்பது பேருக்கு மேல் பெரிய குமாஸ்தாவானவர் நீங்கள். எப்படி என்று உங்களைக் கேட்டவர்களுக்கு நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "காரியம் இருக்கறப்ப ஒருத்தன் வீட்டுக்குப் போவக்கூடாது. காரியம் இல்லாதப்ப போவணும்." அதை நீங்கள் சொன்னீர்கள், செய்ய வைத்தது நான் வைத்திருந்த ஆள் நோட்டு. கல்யாணமான மூன்றாம் வருஷம் தொடங்கியது. யார் வீட்டில் யாருக்கு எப்போது பெயர்கொண்ட புனிதர் திருநாள், யார் அம்மாவுக்கு மூட்டு வலி, யார் மகள் மடத்துப் பள்ளியில் படிக்கிறாள், நீங்கள் கடைசியாக அந்த வாசலுக்குப் போனது எந்த மாசம், அவர் நம் வாசலுக்கு வந்தது எந்த மாசம், எல்லாம் இடது பக்கம் வலது பக்கமாக எழுதினேன். காலையில் கோட்டு மாட்டும்போது, "இன்னிக்கு யாரு?" என்பீர்கள். "கஸ்டம்ஸ்காரர் மச்சானுக்கு ஆபரேஷன் முடிஞ்சி ஒரு வாரம் ஆச்சு" என்பேன். சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு அங்கே நிற்பீர்கள். அந்த மனுஷர் பூரித்துப் போவார், எப்படி ஞாபகம் வைத்திருந்தார் என்று. நான் அடுப்படியில் இருந்தேன்.

கம்பெனியில் யாரையும் நாலு பேர் முன்னால் நீங்கள் அதட்டியதில்லை. தப்புச் செய்தவனை மேல்மாடி வராந்தாவுக்குக் கூப்பிடுவீர்கள். இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி நிற்பீர்கள். கீழே இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். ஐந்து நிமிஷத்தில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவான். "இன்னிக்கு ஒன்னக் கடல் பார்க்கக் கூப்ட்டாரா?" என்று ஒருவரையொருவர் கேலி செய்வார்களாம். அந்துவான்தான் சொல்லிச் சிரிப்பான்.

அதே வராந்தாவில்தான் வாக்கும் கொடுப்பீர்கள்.

நோட்டில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன், மாதா பரலோகத்துக்கு எடுக்கப்பட்ட திருநாள் அன்று: "அந்துவானுக்கு நாற்காலி என்று வார்த்தை கொடுத்தாயிற்று." அதற்குக் கீழே ஐந்து வரி தள்ளி, அதே வருஷம் தீபாவளிக்குக் கண்ணப்பன் வீட்டுக்கு நீங்கள் போய் வந்த அன்று: "கண்ணப்பனுக்கும் வார்த்தை கொடுத்தாயிற்று." அந்த 'உம்'மை எழுதும்போது என் கை நின்றது. "ரெண்டு பேருக்கும் சொல்லியாச்சு, இனிமே என்ன பண்ணுவீங்க?" என்றேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "நான் நாற்காலியை வுட்டு எறங்கறதுக்குள்ள ஒருத்தனுக்கு வேற நல்ல எடமா பார்த்து வெச்சிடுவேன். எனக்குத் தெரியாத ஆளா இந்த ஊர்ல?" என்றீர்கள். பொய் சொன்ன முகம் இல்லை அது. யாருக்கு வாக்குக் கொடுத்தாலும் கொடுக்கிற நேரத்தில் முழு மனசாகக் கொடுத்தீர்கள். அதனால்தான் ஆட்கள் உங்களுக்காக மழையிலும் வெயிலிலும் நின்றார்கள்.

நேற்று அந்துவான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா, தேதி போட்டு எழுதி வெச்சிருப்பீங்க. மொதல்ல எனக்குத்தான் சொன்னாரு. நாளைக்கு மூணு பொண்ணைக் கரையேத்தணும் நான்."

"எழுதியிருக்கு தம்பி."

"அப்ப அதைச் சொல்லிடுங்க. பொய்யில்லியே."

அந்துவான் கண்ணப்பன் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுப்பா. இன்னும் கோட்டுக்கூடத் தைச்சிக்கல. கப்பல்காரன் வந்தா பெரிய குமாஸ்தா வேட்டியோடவா போயி நிப்பாரு?"

"கோட்டு கணக்கு எழுதாது அந்துவான்."

"எழுதாது. ஆனா கோட்டுப் போட்டாத்தான் உள்ள வுடுவான்."

"புயல்ல கெடங்கு மூழ்கினப்ப யாரு உள்ள போனான்னு கேளு. கோட்டுப் போட்டவங்கல்லாம் வெளியில நின்னீங்க."

"என்னா பண்றது, தைச்ச கூலி அப்பிடி" என்றான் அந்துவான். கண்ணப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருஷம் உங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள். ஒருவன் வீட்டுச் சோறு மற்றவனுக்குத் தெரியும்.

போகும்போது கண்ணப்பன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். "அம்மா, நாற்காலி அவனுக்கே போனாலும் போவட்டும். எங்கம்மாவை வெச்சிக்கினு நான் எங்கயாவது பொழைச்சிக்குவேன். ஆனா ஐயா எங்கிட்ட சொன்னது சும்மா சொன்னதுன்னு மட்டும் யார் வாயாலயும் நான் கேக்கக்கூடாது. ஒங்க வாயால கேக்கவே கூடாது."

அவன் கண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு மட்டும் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். அந்தத் தீபாவளிக்கு முன்வாரம், கண்ணப்பனை ஒரு மில்லில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி நீங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அவன் போய்விட்டால் ஆபீஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்றீர்கள். சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நாற்காலி ஒனக்குத்தான்னு அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றேன். உங்கள் வாயில் வந்த அந்த வார்த்தை என் கரண்டியிலிருந்து விழுந்தது. மில் வேலையை வேண்டாம் என்றுவிட்டு அவன் உங்களோடு இருந்தான். போயிருந்தால் இன்று அங்கே மேஸ்திரிக்கு மேலே இருப்பான். பாவசங்கீர்த்தனத்தில் இதை இரண்டு தரம் சொல்லிவிட்டேன். சொன்ன பின்னும் இறங்கவில்லை.

நீங்கள் செய்ய நினைத்ததை நானே செய்து பார்க்கலாம் என்று, போன மாசம் ஆள் நோட்டைத் திறந்து ஆறு பேருக்கு எழுதினேன். ஆறு பேரும் உங்கள் கையால் உத்தியோகம் ஏறியவர்கள். நல்ல ஆள் ஒருவன் இருக்கிறான், உங்களிடம் இடம் உண்டா என்று கேட்டேன். ஆறு பதிலும் வந்தது. ஆறிலும் துக்கத்துக்குக் கறுப்புக் கரை போட்ட காகிதம், அழகான ஆறுதல். இடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் வாசலில் வந்து நின்றால் எழுந்தவர்கள், உங்கள் மனைவியின் எழுத்துக்கு உட்கார்ந்தபடியே பதில் போட்டார்கள். தப்பில்லை. அவர்கள் பழகியது உங்களோடு. நோட்டில் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, ஆனால் பெயருக்கும் பெயருக்கும் நடுவில் நடந்தது நீங்கள்தான்.

இன்று காலை கோயிலில் பங்குச் சாமியாரைப் பார்த்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கற ஆத்துமத்துக்கு ஜெபம்தான் வேணும்மா. வீடு வீடா போறதுக்கு அங்க உத்தரவு குடுக்கமாட்டாங்க. மாசிலாமணி போன வருஷத்துச் சீட்டை எடுத்துக் குடுத்திருப்பான்" என்றார். இருக்கலாம் சாமி என்றேன். போன வருஷத்துச் சீட்டில் நம் பழைய தெருப் பெயர் இருக்கும் என்பதை நான் சொல்லவில்லை. எழுந்தபோது அவரே கூப்பிட்டார்.

"மூணு வீட்டுக்குத்தான் வந்தாராம்மா?"

"மூணுதான் சாமி."

"எனக்கு வருஷா வருஷம் சீட்டு வரும்" என்றார். பிறகு தலையில் சிலுவை போட்டு அனுப்பிவிட்டார். திரும்பிப் பார்த்தபோது தன் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பார்த்தேன். மூன்று வீட்டுக்கு மட்டும் ஏன் போனீர்கள்? மூன்றுபேருக்கும் நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். முசேவுக்குப் பெயர் சொல்கிறேன் என்ற வாக்கு. மற்ற இரண்டு பேருக்கும் நாற்காலி என்ற வாக்கு. மூன்றும் நிற்கிறது. மூன்றுபேரிடமும் விடைபெற்றுக்கொள்ளத்தான் வந்தீர்கள் என்றால், வாக்கை அவரவர் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்படியானால் சுமை இப்போது யார் தலையில் இருக்கிறது? எனக்கு ஒரு சீட்டும் வரவில்லை. என்னிடம் நீங்கள் விடைபெறவில்லை. இதை மனத்தாங்கலாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது வேறாகவும் தோன்றுகிறது: என்னோடு உள்ள காரியம் உங்களுக்கு இன்னும் முடியவில்லை.

இன்று ஜனவரி மூன்று. ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு நான் முசே முன்னால் நிற்க வேண்டும். எனக்குப் பொய் வராது. தெரியாது என்று சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். இரண்டு பேருக்கும் சொன்னார் என்று உள்ளதைச் சொன்னாலும் அதுவேதான் நடக்கும், கூடவே உங்கள் பெயரும் கெடும், கண்ணப்பன் எதைக் கேட்கக்கூடாது என்றானோ அதைக் கேட்பான். அந்துவான் என்று சொன்னால், என் பேச்சை நம்பி மில்லை விட்டவனை நானே தெருவில் நிறுத்துவேன். கண்ணப்பன் என்று சொன்னால், முதலில் வாக்குப் பெற்றவன் மூன்று பெண்களோடு நம் வாசலில் வந்து நிற்பான், நான் நோட்டைத் திறந்து காட்ட முடியாது. உங்கள் மனசில் இருந்தது ஒரு பெயர்தான். அதைச் சொல்லத்தான் கோட்டை மாட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தீர்கள். அது எதுவானாலும் நான் அப்படியே சொல்லிவிடுவேன், அதன் பலனை ஆயுசு முழுக்கச் சுமப்பேன்.

அதனால் நாளைக்கும் நாளன்றைக்கும் நான் பூசைக்குப் போவதாக இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காய்ச்சலுக்குக்கூட நிற்காதவள், இந்த இரண்டு நாள் நிற்கிறேன். ரெண்டாம் மணி அடிக்கும்போது வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கூடத்தில்தான் இருப்பேன். செசிலையும் அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இந்த வீட்டில் வாசல்காரன் இல்லை, வீட்டுக்காரி இருக்கிறாள். நீங்கள் முகம் காட்ட வேண்டியதில்லை, நான் பயப்படமாட்டேன், பயந்தாலும் எழுந்து போகமாட்டேன்.

அந்துவானா, கண்ணப்பனா? ஐந்தாம் தேதி சாயங்காலத்துக்குள் எனக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.